துயில் மருந்தை விட்டார்க்கு நாற்றம் பகையாதல்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்றிட்டில், கலங்கரை விளக்கத்தின் அருகே அமைந்த மீனவர் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். ஊர்ப்பெயரிற் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். இரண்டும் கூடி வாழ்வதில் ஊரார்க்கு யாதொரு வருத்தமும் இல்லை. அவ்வூரில் நாற்றத்திற்குக் குறைவில்லை. கருவாடு காயும் நாற்றம், ஏரிச் சேற்றின் நாற்றம், இஞ்சின் கக்கும் டீசல் புகை, படகிற்குப் பூசும் பிசின் ஆகிய யாவும் காற்றில் மாறி மாறி வரும். (நாற்றம் என்னும் சொல் பண்டு நறுமணத்திற்கும் வழங்கியதென்பதை நம் தமிழ் வகுப்பினர் அறிவர். இக்கட்டுரையில் நல்லதும் தீயதுமாகிய எல்லா மணத்திற்கும் பொதுவாகவே அதனை ஆளுகின்றேன்.)

அக்குப்பத்தில் என் தாய்மாமன் வாழ்கின்றார். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாள் பிற்பகல், அண்டை வீட்டார் தம் ஃபைபர் படகின் அடியிற் கண்ட வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தனர். கை குறைவாயிருந்தமையால் மாமா சென்று, பிசின் தடவுமட்டும் கண்ணாடி நார்ப் பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரைமணி நேரத்திற்கு மேல் இராது. மாலையில் தலை கனத்தது. காதில் இரைச்சல் எழுந்தது. இரவில் உறக்கம் ஒரு சிறிதும் இல்லை. கை நடுங்கிற்று, தோல் எரிந்தது, நெஞ்சு படபடத்தது. விடியுமுன் அவர் என்னை எழுப்பி, “மாப்பிள்ளை, எல்லாம் திரும்பி வந்துவிட்டது, பட்ட பாடெல்லாம் வீணாயிற்று” என்றார். அத்தை அதற்குள் முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு, கடை திறந்ததும் பழைய மாத்திரையில் ஒன்றே ஒன்று வாங்கிவர ஆயத்தமாய் நின்றார். “ஒன்று போட்டால் உறங்கிவிடுவார், அப்புறம் நிறுத்திக்கொள்ளலாம்” என்பது அவர் எண்ணம்.

அவ்வொரு மாத்திரையை ஏன் கொடுத்தல் ஆகாது என்பதை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னர் மருத்துவரிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் அறிந்ததை ஈண்டு எழுதுகின்றேன். மாமாவின் இசைவு பெற்றே எழுதுகின்றேன் என்பதையும் சொல்லிவிடல் நன்று.

முதலில் மாத்திரை வந்த வரலாறு. 2017ஆம் ஆண்டு ஏரி முகத்துவாரத்தில் அலை புரட்டிப் படகு கவிழ்ந்தது. மாமாவிற்கு முதுகில் அடி. அதனினும் பெரிதாய் மனத்தில் அச்சம். கண்ணை மூடினால் நீர் தலைக்கு மேல் வருவதாகத் தோன்றும். நகரத்து மருத்துவர் ஒருவர் அல்பிரசோலம் என்னும் மாத்திரையைப் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். பதினோராம் நாள் என் செய்வதென்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பழைய சீட்டைக் காட்டியே கடையில் வாங்கி, பத்து நாள் ஆறு ஆண்டாயிற்று, ஒன்று மூன்றாயிற்று. 2023ஆம் ஆண்டு சனவரியில் கடைக்காரர் புதிய சீட்டின்றித் தர மறுத்தார். சட்டத்தை நோக்கின் அவர் மறுத்தது முறையே. இவ்வகை மருந்துகள் பல 2013இல் எச்1 என்னும் அட்டவணையிற் சேர்க்கப்பட்டு, 2014 மார்ச்சு முதல், எழுதிய மருத்துவர் பெயரும் வாங்குவோர் பெயரும் பதிவேட்டிற் குறித்தே விற்கப்பட வேண்டுமென விதி வந்தது. ஆயின் ஆறாண்டு உண்டவன் ஒரே நாளில் நிறுத்தினால் யாது நேரும் என்பது அப்பதிவேட்டில் இல்லை. மூன்றாம் நாள் மாமாவிற்கு வலிப்பு வந்தது.

மருந்து கொண்டு துயிலை வரவழைக்கும் வழக்கம் நெடுநாளையது. குளோரல் ஹைட்ரேட் என்னும் பொருளை 1869இல் ஜெர்மானிய அறிஞர் லீப்ரைக் துயில் மருந்தாகப் புகுத்தினார். 1903இல் பார்பிட்டால் வந்தது. அதன் இனத்தைச் சார்ந்த மருந்துகள் சிறிது மிகினும் மூச்சை நிறுத்திவிடும். எனவே 1960இல் லிப்ரியமும் 1963இல் வாலியமும் கடைக்கு வந்தபோது மருத்துவ உலகம் அவற்றைக் கொண்டாடியது. இவற்றைக் கண்டவர் ரோஷ் நிறுவனத்து வேதியியலார் லியோ ஸ்டெர்ன்பாக். பென்சோடயாசெபைன் என்னும் இக்குடும்பத்து இளையவற்றுள் ஒன்றே மாமா உண்ட அல்பிரசோலம். இவற்றை நெடுநாள் உண்டு திடீரென நிறுத்தினால் துன்பம் வரும் என்பதை ஹாலிஸ்டர் என்பார் 1961லேயே லிப்ரியத்தைக் கொண்டு காட்டினார். அங்ஙனம் காட்டியும், அமெரிக்க மருந்து நிருவாகம் அக்குடும்பத்து மருந்துகள் அனைத்தின் உறையிலும் இவ்வாபத்தைக் கட்டமிட்டு எச்சரிக்கையாக அச்சிடுமாறு பணித்தது 2020ஆம் ஆண்டிலேதான். இடையே கழிந்தவை ஐம்பத்தொன்பது ஆண்டுகள்!

இனி, உடம்பினுள் நிகழ்வது யாது? மூளையின் நரம்பணுக்களை எழுப்புதற்கு ஒரு வேதிப்பொருளும், அடக்குதற்கு ஒரு வேதிப்பொருளும் உள. முன்னது குளூட்டமேட்டு, பின்னது காபா எனப்படுவது. காபா மூளையில் இருப்பது 1950இல் அறியப்பட்டது. இவ்வகை மாத்திரைகள் வந்து தங்குதற்குரிய இடம் மூளையிலேயே உளதென்பது 1977இல் தெரிந்தது. மாத்திரை தானே நரம்பை அடக்குவதன்று. “அமைதியாயிரு” என்று காபா சொல்லும் சொல்லை நரம்பணு உரக்கக் கேட்குமாறு செய்வது அதன் தொழில்.

எம்மூர்த் திருவிழாவைக் கொண்டு இதனை விளக்கலாம். மாதா கோயில் திருநாளில் ஒலிபெருக்கியை வீட்டு வாயிலிற் கட்டிவிடுவர். முதல் நாள் பாட்டு இனிக்கும். மூன்றாம் நாள் வீட்டார் சன்னலை அடைத்துத் துணியையும் திணிப்பர். விழா முடிந்து ஒலிபெருக்கி திடீரென ஓய்ந்தபின், அடைத்த சன்னலுக்கு வெளியே நின்று அண்டை வீட்டார் இயல்பான குரலில் அழைத்தால் உள்ளே கேளாது. மாத்திரை ஒலிபெருக்கி, சன்னலை அடைப்பது மூளை. நெடுநாள் உண்டவன் மூளை, காபாவின் குரலைக் கேட்கும் வாயில்களின் கூர்மையைக் குறைத்துக்கொள்கின்றது. மாத்திரை நின்றதும் அடக்கும் குரல் கேளாமற் போக, எழுப்பும் குரல் தனித்து நின்று முழங்குகின்றது. அதனாலே நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, செவி இரைச்சல் ஆகியன வரும். ஒளியும் ஒலியும் மணமும் பொறுக்கவொண்ணாமற் போகும். மிக்கால் வலிப்பும் பிதற்றலும் தோன்றும். அடைத்த சன்னல்கள் மறுபடி திறக்கும். ஆனால் ஒவ்வொன்றாகத் திறக்கும். வேகமாகத் திறக்கும்படி அதட்டுதற்கு வழி இல்லை.

இது மாத்திரை உண்பார்க்கு மட்டும் நேருவதென்று எண்ணற்க. தெலங்கானா நாட்டில், கள்ளிலே குளோரல் ஹைட்ரேட்டும் டயஸெபாமும் அல்பிரசோலமும் கலந்து விற்கும் தீய வழக்கம் நெடுநாளாய் இருந்து வந்தது. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆயத்தீர்வைத் துறையினர் கலப்படத்தைக் கடுமையாய் ஒடுக்கினர். ஒடுக்கிய சின்னாட்களில் நிஜாமாபாத், மகபூப்நகர் முதலிய மாவட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் வலிப்பும் பிதற்றலும் நடுக்கமுமாய் மருத்துவமனைகளிற் குவிந்தனர். தாம் உண்டது மருந்தென்பதையே அவர்களுட் பலர் அறியார். கள் என்றே நினைத்திருந்தனர். நஞ்சு உள்ளே சென்றபோது ஆடாத ஊர், அது நின்றபோது ஆடியது. ஒரு மருந்தைத் தடை செய்வோர், அதனை ஏற்கெனவே உண்டு பழகினவர்க்கு மறுநாள் யாது வழி என்பதையும் உடன் எண்ணிவைத்தல் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகின்றது.

மாமாவை அரசினர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த மருத்துவர் செய்த முதற் காரியம் எங்களுக்கு வியப்பைத் தந்தது. எந்த இனத்து மாத்திரையால் இத்தனை வினையும் வந்ததோ, அவ்வினத்து மாத்திரையையே மறுபடி கொடுத்தார். ஆயின் அல்பிரசோலத்தை விடுத்து டயஸெபாமைக் கொடுத்தார். முன்னது குருதியிற் பாதியாய்க் குறைதற்கு ஏறத்தாழ 11 மணி நேரமே செல்லும்; ஆதலின் ஒரு வேளைக்கும் மறுவேளைக்கும் இடையிலேயே பள்ளம் விழும். பின்னது குறைதற்கு 20 மணி முதல் 100 மணி வரை செல்லும். அதனால் இறக்கம் சரிவாய் அமையும். இம்முறையைப் பரப்பியவர் இங்கிலாந்து நியூகாசில் நகரத்துப் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் என்னும் அம்மையார். 1982 முதல் 1994 வரை இம்மருந்துகளை விடுவோர்க்கென்றே ஒரு மருத்துவ நிலையம் நடத்தி, தாம் கண்டதை 1999இல் கையேடாக வெளியிட்டார், 2019இல் மறைந்தார். அமெரிக்க மருத்துவ சங்கங்கள் பல கூடி 2025இல் வெளியிட்ட நெறிமுறையும், இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்துப் பார்க்கலாம், இரு வாரத்தில் 25 பங்கிற்கு மேற் குறைத்தல் ஆகாது என்றே கூறுகின்றது. மாமாவிற்கு இறங்கி முடியப் பதினான்கு திங்கள் ஆயின. கடைசித் துணுக்கை விட்டது 2024 மார்ச்சில். அன்று அத்தை பாயசம் வைத்தார்.

மருந்து விட்ட நாளே நோய் விட்ட நாள் அன்று. பெரும்பாலோர் சில வாரங்களிலோ திங்களிலோ தேறிவிடுவர். நெடுநாள் உண்டவருள் நூற்றுக்குப் பத்து அல்லது பதினைந்து பேர்க்குத் துன்பம் பல திங்கள், சிலர்க்கு ஆண்டுக்கணக்கிலும் நீளும் என்று ஆஷ்டன் கணித்தார். அந்நீண்ட துன்பம் நேர்கோட்டிற் குறைவதன்று. நன்னாட்கள் சில வரும், பின் காரணம் தெரிந்தோ தெரியாமலோ ஓரலை எழும், அது தணியும். விட்டவர்கள் இதனை அலை என்றே வழங்குகின்றனர். மாமாவிற்கு இவ்வொப்புமையை நான் விளக்க வேண்டியிருந்ததில்லை. புயல் கரை கடந்து வானம் வெளுத்த பின்னும், கடல் பல நாள் அடங்காதிருந்து ஒரு பேரலையைத் திடீரெனக் கரையில் எறிதல் அவர் சிறுவயது முதற் கண்டது. அங்ஙனம் ஓரலை எறிவதனால் புயல் திரும்பிவிட்டதென்று எவனும் படகை எரித்துவிடுவதில்லை.

சில வேளைகளில் அலையைக் கிளப்புவது ஒரு நாற்றம். வர்ணம், டீசல், பினாயில், கொசுவர்த்தி, அத்தர், பிசின் என்றிவற்றுள் ஒன்று. மாமாவின் பொருட்டுப் பிசினைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

கட்டுமரம் குறைந்து கண்ணாடி நாராற் செய்த படகு எம் கரையிற் பெருகியது 2004 திசம்பர் 26இல் வந்த கடற்கோளுக்குப் பின்னர் மிகுதி. அப்படகில் நாரைப் பிணைப்பது பாலியெஸ்டர்ப் பிசின். அப்பிசினில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் ஸ்டைரீன் என்னும் நீர்மம் கலந்திருப்பது வழக்கம். இறுகவைக்கும் துளியைச் சேர்த்துப் பூசும்போது ஸ்டைரீனிற் பெரும்பகுதி பிசினோடு சேர்ந்து இறுகும். எஞ்சியது ஆவியாய் எழும். அவ்வாவி காற்றினும் மூன்றரை மடங்கு கனமானது. எனவே தாழ்ந்த இடத்திலும் அடைத்த கொட்டகையிலும் தேங்கும். பத்துலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு இருப்பினும் மூக்கிற்குத் தெரியும். எட்டு மணி வேலைக்கு அமெரிக்கத் தொழில் விதி இசையும் அளவோ பத்துலட்சத்தில் 100 பங்கு. ஆதலின் நாற்றம் தெரிவதனால் மட்டும் நஞ்சேறிவிட்டது என்பதற்கில்லை. மற்றொரு பக்கம், ஸ்டைரீன் எவர்க்கும் நல்லதன்று. மிகுந்தால் நல்லுடம்பினனுக்கும் தலைவலியும் மயக்கமும் களைப்பும் தரும். மாந்தர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதனை 2018இல் வகைப்படுத்தியது. எம்மூர் இளைஞர் முகத்திற் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பிசின் பூசுவர். துணி தூசியைத் தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது.

நாற்றம் மூளையை அடையும் வழி விந்தையானது. காட்சியும் ஒலியும் மூளையின் நடுவேயுள்ள தாலமசு என்னும் வாயிலைக் கடந்தே மேற்செல்லும். மணம் அவ்வாயிலுக்குச் செல்லாமலே, அச்சத்தையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு நேரே சென்றடையும். எனவேதான் ஒரு மணம், அதன் பெயர் நினைவுக்கு வருமுன், பழைய நாள் ஒன்றைக் கண்முன் நிறுத்துகின்றது. அன்றியும், வெங்காயம் அரியும்போது கண்ணைக் கரிக்கச் செய்யும் முகநரம்பு ஒன்று உண்டு. கரைப்பான்களின் ஆவி அதனையும் குத்தும். அடக்கும் குரல் குறைந்த மூளைக்கு இவ்விரு வழியாலும் வரும் செய்தி பன்மடங்காய்த் தோன்றுதலில் வியப்பில்லை. இது நேரான காரணம்.

இரண்டாவதொரு காரணமும் கருதத் தக்கது. தொலுவீன் முதலிய கரைப்பான்கள் மதுவைப் போலவே காபாவின் வாயில்களைத் தொட்டு இயக்குவன என்று ஆய்வுக்கூடத்திற் கண்டுள்ளனர். அஃதாவது, வர்ணக் கரைப்பானின் ஆவி ஒருவகையில் மாத்திரைக்குத் தூரத்து உறவு. மருந்தை விட்டவன் மது அருந்துதல் ஆகாது என்பதும் இவ்வுறவு பற்றியே.

மூன்றாவது, பழக்கத்தால் வருவது. பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தில் வான் டென் பெர்க் என்பாரும் உடனாய்வோரும் 1990களில் ஒரு சோதனை செய்தனர். கரியமில வாயு மிகுந்த காற்றை மூச்சில் இழுத்தால் எவர்க்கும் மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும். அதனோடு ஒரு கெட்ட நாற்றத்தைச் சேர்த்துச் சில முறை கொடுத்தனர். பின்னர் வாயுவை நீக்கி, நாற்றத்தை மட்டும் நல்ல காற்றிற் கலந்து கொடுத்தபோதும் மூச்சு முட்டலும் படபடப்பும் வந்தன. உடம்பு அந்நாற்றத்தைத் துன்பத்தின் அறிகுறியாகக் கற்றுக்கொண்டுவிட்டது. துன்பமில்லாமல் நாற்றத்தை மட்டும் பலமுறை கொடுக்கவே, கற்றது மெல்ல மறைந்தது என்பதையும் அவர்களே கண்டனர். இவ்விரண்டாம் பாதியே எங்களுக்குப் பின்னர் உதவியது.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மோனெல் நிலையத்தில் பமீலா டால்ட்டன் அம்மையார் 1997இல் வெளியிட்ட ஆய்வும் ஈண்டுக் குறிக்கத் தக்கது. எம்மூரில் பிசின் தூரிகையைக் கழுவும் அசிட்டோனைத்தான் அவர் பயன்படுத்தினார். ஒரே அளவு ஆவியை மூன்று கூட்டத்தார்க்குக் காட்டி, ஒரு கூட்டத்திற்கு இது தொழிற்சாலை வேதிப்பொருள், கேடு தருவது என்றும், மற்றொன்றிற்கு உடல்நலத்திற்குகந்த இயற்கைச் சாறு என்றும், மூன்றாவதற்கு நலமும் கேடுமில்லாததொரு மணம் என்றும் சொன்னார். கேடு என்று கேட்டவர்களே மிகுந்த எரிச்சலையும் நோய்க்குறிகளையும் கூறினர்.

இவற்றைக் கேட்டவுடன் சிலர், “அப்படியாயின் எல்லாம் மனத்தின் கற்பனைதானே” என்பர். எம்மூரிலும் சொன்னார்கள், மாமாவின் காதிற் படவே சொன்னார்கள். அது பிழை. கற்றுக்கொண்டது மூளை, படபடத்தது மெய்யான நெஞ்சு, நடுங்கியது மெய்யான கை. முகத்துவாரத்தில் ஒருமுறை கவிழ்ந்தவன் மறுமுறை அலையைக் கண்டு வியர்ப்பது நடிப்பன்று. இதற்கு மறுதலையாக, உலகத்து நாற்றமெல்லாம் தம்மைக் கொல்ல வந்த நஞ்சு என்று கதவடைத்துக் கிடப்பாரும் உளர். பல வேதிப்பொருள்களின் சிற்றளவையும் பொறாமை என்னும் நிலையை அமெரிக்க மருத்துவர் கல்லன் 1987இல் வரையறுத்தார். 1996இல் பெர்லினிற் கூடிய உலக நல நிறுவனத்தின் கூட்டமோ, காரணம் துணியப்படாமையின், அதனைச் சூழலொவ்வாமை என்னும் பொருள்பட வேறு பெயரால் வழங்குமாறு கூறியது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு 37 சோதனைகளை ஒருங்கு வைத்து நோக்கி, இன்னதை முகர்கின்றோம் என்று அறிய முடிந்தபோதே நோயாளிகள் துன்புற்றனர், அறியவொட்டாமல் மறைத்தபோது அவ்வேறுபாடு மறைந்தது என்று கண்டது. நோயுற்றாரின் துன்பத்தை அது பொய்யாக்கவில்லை. ஆவியின் அளவு மட்டும் துன்பத்தை முடிவு செய்வதில்லை என்பதைக் காட்டியது.

மாமாவின் திறத்தில் நானே கண்ட ஒன்று உண்டு. பிசினும் டீசலும் அவரைப் புரட்டிய அதே வாரத்தில், அவற்றினும் பன்மடங்கு வலிய கருவாட்டு நாற்றம் வாயிலிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அது அவரை ஒன்றும் செய்யவில்லை. பிறந்த நாள் முதல் அவர் அதனோடு உறங்கியவர். கரைப்பான் ஆவி இல்லாமையால் அது தீங்கு செய்யவில்லையா, அச்சமின்மையால் செய்யவில்லையா என்று மருத்துவரைக் கேட்டேன். “இரண்டும் இருக்கலாம், இரண்டிற்கும் செய்யவேண்டுவது ஒன்றே” என்றார் அவர்.

இப்பொழுது அத்தையின் கேள்விக்கு வரலாம். அவ்வொரு மாத்திரையைக் கொடுத்திருந்தால் அன்றிரவு மாமா உறங்கியிருப்பார், அதில் ஐயமில்லை. ஆனால் திறந்துகொண்டிருந்த சன்னல் மறுபடி அடைபடத் தொடங்கும். அதனினும் பெரிய கேடு, நடுக்கம் வந்தால் மாத்திரை என்னும் பழைய பாடத்தை உடம்பு புதுப்பித்துக்கொள்ளும். அடுத்த அலைக்கு அது தானே கை நீட்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் இறைச்சிப் பானைகளை நினைத்து அழுதது பசி மெய்யாயிருந்ததனாலேயே. அவர்களைப் பழிக்கும் பிரசங்கங்களை நான் நிறையக் கேட்டிருக்கின்றேன். மாமாவின் பக்கத்தில் அவ்விரவு இருந்தபின் அவர்கள்மேல் எனக்குச் சினம் வருவதில்லை. மருத்துவரைக் கேளாமல் கொடுப்பதையே ஈண்டு மறுக்கின்றேன். மருத்துவர் தாமே ஆராய்ந்து சிறிதளவு மீண்டும் கொடுத்து மெல்ல இறக்குதலும் சிலர்க்கு வேண்டியிருக்கும்; அது வேறு.

அன்று காலை அத்தையைக் கடைக்குப் போகாமல் நிறுத்தியது என் அறிவன்று. மருத்துவமனையிற் கொடுத்த எண்ணிற்கு மாமாவே பேசினார். மறுமுனையிலிருந்த மருத்துவர் கேட்டவை சில: வலிப்பு வந்ததா, மூச்சிரைப்பு உண்டா, நெஞ்சில் வலி உண்டா, பிதற்றல் உண்டா? அவை இருந்தால் பின்னடைவு என்று வீட்டில் கிடத்தல் கூடாது, உடனே புறப்படுக என்றார். பிசின் ஆவி ஆஸ்துமாக்காரரின் மூச்சை மெய்யாகவே அடைக்கும். அதற்கு வேறு மருந்து. அவை இல்லையென்றறிந்தபின், “நீர் தொடக்கத்திற்குப் போகவில்லை. ஐந்து திங்களில் ஏறிய படிகளில் சிலவே இறங்கினீர். இது தணியும். நாளைக் குறித்துவையும்” என்றார். அத்தை நாட்காட்டியிற் குறித்தார். பதினேழாம் நாள் மாமா நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்கினார். இருபத்திரண்டாம் நாள் செவி இரைச்சல் அடங்கிற்று.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு பக்கத்திருந்து பேணுவானையும் ஒரு கூறாக வைத்தார். மருந்தில்லாத இந்நோயில் அந்நான்காம் கூறே பெரும்பங்கை ஏற்கின்றது. அத்தை செய்தவை எளியன. நாட்காட்டியை எடுத்துக் காட்டி, “போன அலை பன்னிரண்டு நாள், இதுவும் போகும்” என்று சொல்லுதல், இரவில் உறங்கவில்லையே என்று கேளாதிருத்தல், பகலில் ஏரிக்கரை வழியே உடன் நடத்தல், காப்பியைக் குறைத்தல், கொசுவர்த்தியை விடுத்து வலை கட்டுதல். வந்தவர்களிடம், “அவருக்குக் காய்ச்சல்” என்று சொல்லி அனுப்பினார். அப்பொய்யை நான் கண்டிக்கவில்லை.

எஞ்சியது படகு. லைட்ஹவுஸ் குப்பத்தில் பிசின் நாற்றமின்றி வாழ்வதென்பது மீனின்றி வாழ்வதை ஒக்கும். ஊரைவிட்டு உறவினர் வீட்டிற்குப் போய்விடலாமென்று சிலர் கூறினர். மருத்துவர் அதனை விரும்பவில்லை. மிகுந்த ஆவியினின்று விலகுதல் எவர்க்கும் தக்கது; நாற்றம் என்னும் பெயரினின்றே ஓடுதல் அச்சத்தை வளர்ப்பது என்றார். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒரு வழி கண்டார். பிற்பகலிற் கொண்டற்காற்று கடலினின்று கரைக்கு வீசும். படகு கடலோரத்தில், வீடு மேற்கே. ஆவி நேரே வீட்டிற்குள் வரும். விடியற்காலையிலோ காற்று நிலத்தினின்று கடலுக்குப் போகும். பிசின் வேலையை விடியலில் முடித்துவிட்டால் ஆவி கடலுக்குப் போய்விடும் என்றார். வெயிலுக்கு முன் பிசின் இறுகச் சற்றுக் காலம் மிகும். அதனைப் பொறுத்துக்கொள்ள இருவர் இசைந்தனர், ஒருவர் முணுமுணுத்து இசைந்தார்.

மாமா முதலில் முந்நூறு அடி தள்ளி, காற்று தம்மைக் கடந்து படகிற்குச் செல்லும் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒரு வாரம் அவ்வளவே. பின்னர் நூறு அடி. மூன்றாம் திங்களில், காய்ந்த படகைத் தொட்டுப் பார்த்தார். இடையே 2024 நவம்பரில் வீட்டு வர்ணத்தினால் மற்றோரலை வந்து ஒன்பது நாள் இருந்தது. 2025 ஏப்பிரலில் ஒன்று நான்கு நாள். இவ்வாண்டு பொங்கல் விடுமுறைக்கு நான் போனபோது, விடியலில் அண்டை வீட்டார் பிசின் குழைத்துக்கொண்டிருந்தனர். மாமா மேற்குப் பக்கமாய் நின்று, ஆவிக்கென்று செய்த வடிகட்டி முகமூடியை மாட்டிக்கொண்டு, நார்ப்பாயை வெட்டிக் கொடுத்தார். பத்து நிமிடம் சென்றதும் முகமூடியைக் கழற்றி, “போதும் மாப்பிள்ளை, மூக்கு அரிக்கிறது” என்று சொல்லி, கருவாடு புரட்டப் போனார்.